பொட்டு இல்லாத மோட்டார்

அத்தியாயம் 6

ட்ரிப்ஸ் ஊசி குத்தக் கையில் இடமில்லாமல் நர்ஸ் காலில் குத்தியிருந்தாள். இரண்டு கைகளிலும் தடிப்பும் புண்ணும். ஏழு வயது கௌசிகா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாளா, கண் திறக்கத் தெம்பில்லையா என்று சொல்ல முடியவில்லை.

கண்ணுகளா, கதைக்குள் ஓடுவதற்கு முன்னால் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம். நிற்காமல் போனால், அகிலாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியாது.

அகிலா அப்படித்தான் நின்றாள். திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே தமிழிலும் தெலுங்கிலும் போர்டு மாட்டித் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிப்பது, மலைக்கு வந்த இடத்தில் காணாமல் போன பெரியவர்களைத் தேடுவது, இதுதான் அவள் பிழைப்பு. அவளுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் தேவேந்திரன். திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காலமெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவர். அந்தத் திருப்பதி ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவருக்குக்கூட வாய் வரவில்லை.

"தண்ணில சாய மருந்து கலந்துகீதுன்னு டாக்டரு சொல்றாரு மேடம்," என்றாள் அகிலாவை வரவழைத்த கன்னியம்மாள், குழந்தையின் அம்மா. நகரி நெசவாளர் காலனியில் பவர்லூம் ஓட்டுகிறவள். "எங்க காலனியில சாயம் போடறது எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான். அதான் எல்லாரும் அவரு மேல பாயறாங்க. சொந்தப் பொண்ணுக்கே வெசம் வெச்சவன்றாங்க மேடம். கூசாம சொல்றாங்க."

அவளுடைய போன் அடித்தது. தம்பி சின்னப்பன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இன்னாவாம்?" என்றார் தேவேந்திரன்.

"சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்களாம். எல்லாம் இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எங்க சாயத் தொட்டிய ஒடைக்கிறாங்க. எங்கள காலனிய வுட்டு தொரத்தறாங்க." கன்னியம்மாள் மூக்கைத் துடைத்தாள். "தொரத்தட்டும் மேடம், எங்கனா போயி பொழைச்சிக்கறோம். ஆனா அதோட பூட்டி வெச்ச கொழாய தொறக்கறாங்களாம். தப்பு பண்ணவன புடிச்சாச்சு, இனிமே தண்ணி சரியாயிடும்னு. அத்தன வூட்டுப் பசங்களும் குடிக்கும் மேடம். இத்த மாரி அத்தன கட்டிலு எங்க கீது இங்க?"

அகிலா குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். எடுத்தாள்.

"அண்ணா, வண்டிய எடுங்க."

*

தேவேந்திரனின் பழைய ஆம்னி வேன் ரேணிகுண்டாவைத் தாண்டியதும்தான் அவருடைய வாயும் ஸ்டார்ட் ஆனது.

"அகிலாம்மா, புத்தூரு வரப்போவுது. இந்த ரோட்டுல எலும்பு எதுனா கழண்டுச்சுன்னா இப்பவே சொல்லிடு. எறங்கி ஒரு புத்தூரு கட்டு போட்டுக்கினு போயிடலாம்."

"என் எலும்பு இருக்கட்டும். பிரேக் இருக்கா?"

"கீது. அதுக்கு மூடு வரணும்."

அகிலா சிரிக்கவில்லை. கோபம் வந்தால் அவள் பேச்சு குறையும், கண் கூர்மையாகும். தேவேந்திரனுக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்க மட்டும் தெரியாது.

நகரி ஊர் எல்லைக்குள் நுழைந்து காலனிப் பக்கம் திரும்பினார்கள். தறி ஓசை இல்லை. பொழுது விடிந்து பொழுது போகும்வரை தடக்கு தடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும் தெரு அது. அன்று அத்தனை தறியும் நின்றிருந்தது. மொத்தக் காலனியும் கன்னியம்மாளின் புருஷன் சந்திரன் வீட்டுக் கொல்லையில் இருந்தது.

சந்திரன் சுவரோடு ஒட்டி நின்றான். மெலிந்த மனிதன். முழங்கை வரை இரண்டு கையும் சிவப்பு. சாயத்தில் முக்கி முக்கி ஏறிய, கழுவினாலும் போகாத சிவப்பு. அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான்.

"எங்க மாமன் மேல கைய வெக்கறதுன்னா என்ன தாண்டிப் போங்கடா! அஞ்சு மணின்னு சொன்னீங்கல்ல? அதுக்கு முன்னால எவனும் கிட்ட வரக்கூடாது!"

அவன்தான் சின்னப்பன். கன்னியம்மாளின் தம்பி. காலனிக் குழாய்க்கு மோட்டார் போடுகிற ஆபரேட்டர். அகிலாவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"டிடெக்டிவாம்! கொழாத் தண்ணிக்கு டிடெக்டிவ் எதுக்கு?" கையில் கடப்பாரையோடு நின்ற ஒரு பெண் கத்தினாள். தனபாக்கியம் என்று பெயர். அவள் இடுப்பில் இருந்த பையனுக்கும் கழுத்தெல்லாம் தடிப்பு. "அவன் கைய பாத்தா தெரியல? செவசெவன்னு கீதே!"

"உங்க பையனுக்கு எப்போலேந்து இப்படி?" என்றாள் அகிலா.

அந்தக் கேள்வியைத் தனபாக்கியம் எதிர்பார்க்கவில்லை. "ஒரு மாசமாச்சு... சொறிஞ்சிக்கினே கீறான்," என்றாள் குரல் இறங்கி.

அகிலா தொட்டிகளைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் இரண்டே இரண்டு சிமெண்ட் தொட்டி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி கீழ விடுவ சந்திரா?"

"நாலஞ்சு கொடம் மேடம். இப்ப ஆர்டரே இல்ல. பொண்ண ஆஸ்பத்திரில சேத்ததுலேந்து தொட்டிய தொடவே இல்ல."

"நாலு கொடம் ஊத்துனா கொசு சாவுமா?" என்றார் தேவேந்திரன். "அதுலயா காலனி மொத்தமும் கெட்டுப்போச்சு?"

அப்போது தெருவில் ஹாரன் கேட்டது. தண்ணீர் டேங்கர் லாரி ஒன்று வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் லாரி நீளத்துக்கு ஒரு முகம் சிரித்தது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார். அதிலிருந்து அதே முகம் இறங்கியது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். போகிற போக்கில் இரண்டு பேர் அந்த ஆளைக் கும்பிட்டார்கள்.

நாகபூஷணம். காலனிக்கு மேற்கே இருக்கும் பெரிய சாய ஆலை அவருடையது. காலனிச் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. குழாயைப் பூட்டிய நாளிலிருந்து இலவசமாகத் தண்ணீர் அனுப்புகிறவர்.

"லாரியில இவரு சிரிக்கிறாரு," தேவேந்திரன் முணுமுணுத்தார். "குடிக்கிறவன் ஒருத்தனும் சிரிக்கலியே."

"ஏமம்மா, திருப்பதிலேந்து வந்தீங்களா? மஞ்சிதி, நல்லது!" நாகபூஷணம் கை கூப்பினார். "சந்திரன் நம்ம பையன்தான். எனக்கும் மனசு கஷ்டம்தான். ஆனா தண்ணி விஷயம் பாருங்க. தண்ணின்னா தல்லி மாதிரி. தாயி. தாய்க்கு விஷம் வெச்சவன வீட்டுல வெச்சுக்க முடியுமா?"

"உங்க ஆலையிலயும் சாயம்தானே?"

அவருக்குக் கோபம் வரவில்லை. இன்னும் பெரிதாகச் சிரித்தார். "அடகண்டி! கேளுங்க, கேக்கணும். இப்பவே போயி பாருங்க. கழிவுத் தண்ணி சுத்தம் பண்றதுக்குத் தனி பிளாண்ட்டே போட்டிருக்கேன். சித்தூருல மேடையில ஏத்தி சால்வ போட்டாங்க. மேனேஜர் பாஸ்கருக்கு போன் பண்றேன், அவரு எல்லாம் காட்டுவாரு."

*

ஆலை பளபளவென்று இருந்தது. ஆயுத பூஜை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் கட்டிய வாழைக்கன்று காய்ந்தும் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. உள்ளே எதைப் பார்த்தாலும் மூன்று விரலால் இழுத்த சந்தனமும் நடுவே குங்குமப் பொட்டும். பாய்லருக்குப் பொட்டு. சாயம் கலக்கும் அண்டாக்களுக்குப் பொட்டு. எடை மிஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, கைவண்டிக்கு, தீயணைப்பு வாளிக்கு.

"எங்க ஆளுங்க எல்லாம் நகரி நெசவுக்காரங்க மேடம்," என்றார் மேனேஜர் பாஸ்கர் பெருமையாக. "அன்னிக்கு எல்லாத்தையும் நிறுத்திக் கழுவித் தொடைச்சு, அவங்கவங்க மிஷினுக்கு அவங்கவங்களே பொட்டு வெப்பாங்க. நாம சொல்லவே வேணாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட விட மாட்டாங்க."

"வாட்ச்மேன் விசிலுக்கும் வெச்சிருக்கான்," என்றார் தேவேந்திரன். "ஊதும்போது பாத்தேன். பூஜை அவன் மூக்குக்கு நடந்துடுச்சு."

கடைசியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தார்கள். நீல நிறத் தொட்டிகள், வரிசையாக மூன்று பெரிய மோட்டார்கள், சுவரில் கண்ணாடி போட்ட வரைபடம். பாஸ்கர் ஒரு பட்டனை அமுக்கினார். மோட்டார் உறுமியது.

"ராத்திரி பகலா ஓடுது மேடம். ஆலையோட இதயமே இதுதான்."

அகிலா மோட்டாரின் அருகில் போனாள். குனிந்து பார்த்தாள். ஒரு விரலை அதன் தலையில் வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள்.

"எப்போ பெயிண்ட் அடிச்சீங்க?"

"போன வருஷம் மேடம். இன்னும் புதுசு மாதிரியே இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள் அகிலா. "ரொம்பப் புதுசா இருக்கு. போலாம் அண்ணா."

வேனில் ஏறிய பிறகும் அவள் பேசவில்லை. ஆலை மதிலைத் தாண்டியதும் கேட்டாள்.

"அண்ணா, இந்த வேனுக்கு ஆயுத பூஜை போட்டீங்களா?"

"இது இன்னா கேள்வி? எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்கா ஒடச்சி, ஸ்டீயரிங்குல பொட்டு வெச்சி..."

"உங்க வீட்டு வாசல்ல பழைய ஷேர் ஆட்டோ நிக்குதே, அதுக்கு?"

"அதுக்கு எதுக்கு? எஞ்சின் செத்துப்போன வண்டி. கோழி முட்ட வெக்குது அதுல. செத்ததுக்கு எவன் பொட்டு வெப்பான்?"

"அந்த மூணு மோட்டார்ல ஒண்ணுலயாவது பொட்டு பாத்தீங்களா?"

பிரேக்குக்கு அந்த நொடியில் மூடு வந்துவிட்டது. வேன் குலுங்கி நின்றது.

"இல்ல," என்றார் தேவேந்திரன் மெதுவாக. "நெத்தி காலி. விசிலுக்கு வெச்சவன் அதுக்கு வெக்கல."

"பெயிண்ட் போன வருஷம் அடிச்சது. இன்னும் ஒரு கீறல் இல்ல, வெச்ச விரல்ல தூசி. நாம வரோம்னு போன் போனதும் ஓட்டிக் காட்டியிருக்காங்க. அந்த மோட்டார் ஓடறதே இல்லன்னு அங்க வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லல. ஆனா செத்ததுக்குப் பொட்டு வைக்க அவங்களுக்குக் கை வரல."

"அடப்பாவி! அப்ப அவ்ளோ தண்ணியும் எங்க போவுது?"

"அதான் கேள்வி. இன்னொரு மோட்டார் எங்கயோ ஓடுது அண்ணா. அதை ஓட்டறவனும் இந்த ஊர்க்காரனாத்தான் இருப்பான். பொட்டு வைக்காம விட்டிருக்க மாட்டான்."

"அகிலாம்மா, நகரி பூரா மோட்டாரு பொட்டு வெச்சிக்கினுதான் கீது. வெச்சத வெச்சி எப்படி கண்டுபுடிப்ப?"

"ஓடற மோட்டாருக்குப் பொட்டு இருந்தா அதிசயம் இல்ல. ஓடலன்னு எல்லாரும் சொல்ற மோட்டாருக்கு இருந்தா?"

*

ஆற்றுப் பக்கம் போனார்கள். மணல் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுச் சாயம் இல்லை. ஆற்றில் விடாவிட்டால் மண்ணுக்குள்தான் விட்டிருக்க வேண்டும். ஆலையைச் சுற்றியிருந்த நிலங்களில் வறண்டுபோன போர்க்குழாய்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒன்றில் மோட்டாரையே கழற்றி விற்றிருந்தார்கள். இன்னொன்றின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அணில் கூடு. மற்றொன்றில் முள்செடி. எதிலும் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. தேவேந்திரனின் ஜோக்குகளும் வறண்டுவிட்டன.

அவர்கள் காலனிக்குத் திரும்பியபோது கூட்டம் குழாயடிக்கு நகர்ந்திருந்தது. சங்கத் திடலின் நடுவில் குடிநீர் போர். அதன் குழாய்க்குப் பூட்டு. ஒரு வேப்பமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய சிமெண்ட் அறை. நாகபூஷணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். குழந்தைகள் வரிசைக்குள் புகுந்து ஓடின.

சந்திரனை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். அகிலா அவனிடம் போனாள்.

"சந்திரா, அந்த ரூம் என்ன?"

"பழைய போரு மேடம். அது செத்து மூணு வருசமாவுது. அதுக்கு அப்பறம்தான் இந்தப் புதுசு போட்டது."

அறையின் கதவில் பூட்டு. பக்கத்துச் சுவர் முழுக்க நாகபூஷணத்தின் பிளெக்ஸ், தண்ணீர்க் குடத்தோடு சிரிக்கும் படம். தேவேந்திரன் சலிப்போடு அதில் சாய்ந்தார். சாய்ந்தவர் தடுமாறினார். பிளெக்ஸ் உள்வாங்கியது. பின்னால் சுவர் இல்லை.

"இவரு சிரிப்புக்குப் பின்னால ஓட்டை கீதும்மா," என்று ஓரத்தை விலக்கினார்.

காற்றுக்கு விட்ட ஜன்னல் கம்பிகள். அகிலா உள்ளே பார்த்தாள். போன் விளக்கை அடித்துப் பார்த்தாள்.

தரையில் மூடி போட்ட தொட்டி. அதன்மேல் ஒரு மோட்டார். அதிலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்று பழைய போரின் வாய்க்குள் இறங்கியது. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. பெட்டியின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம். நடுவே, சிந்தாமல் சிதறாமல், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. காய்ந்த சாமந்திப் பூ ஒன்று அதன் மேல் சொருகியிருந்தது.

குடிநீர் போருக்கும் இதற்கும் நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். கண்ணுகளா, ஒரே மரம்.

அகிலா விளக்கை அணைத்தாள்.

"சாவி யார்கிட்ட?" என்றாள்.

சந்திரன் கூட்டத்துக்குள் தேடிப் பார்த்தான். "எங்க மச்சான்கிட்ட. சின்னப்பன்தான ஆபரேட்டரு."

தேவேந்திரன் அவளைப் பார்த்தார். காலையில் இரண்டு கையையும் விரித்து நின்றவனை இருவருமே நினைத்தார்கள்.

குழாய்ப் பூட்டை அவிழ்க்கச் சங்கத்து ஆள் ஒருவன் குனிந்தான்.

"நிறுத்துங்க!"

அகிலாவின் குரல் திடல் முழுக்க அடித்தது. வரிசை திரும்பியது. அவள் பிளெக்ஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். நாகபூஷணத்தின் சிரிப்பு மூக்குக்குக் கீழே இரண்டாகப் போனது.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் இங்க வந்து பாருங்க. இந்த போர் செத்து மூணு வருஷமாச்சுன்னு சொல்றீங்க. சரி. செத்த மோட்டாருக்கு இந்த வருஷப் பொட்டு யாரு வெச்சது?"

தனபாக்கியம்தான் முதலில் வந்தாள். கம்பிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கவில்லை. தறிக்காரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஐயோ, இது ஓடற மோட்டாருடி!" என்றாள்.

எல்லார் கண்ணும் ஒருவன் மேல் போய் நின்றது. சின்னப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். மடியில் இருந்த சாவிக்கொத்தின் மேல் அவன் கை போனது.

"நான்தான் வெச்சேன்," என்றான்.

"ஏன்டா?" இது சந்திரன்.

"ஓடற மிஷினுக்குப் பொட்டு வெக்காம எப்படி மாமா வுடறது?"

அடுத்த நொடியில் நாற்காலி பின்னால் விழுந்தது. நாகபூஷணம் எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"நீகு புத்தி உந்தா? யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எத்தினி தரம் சொன்னேன்! அதுக்குப் போயி பூஜை போட எவன்டா சொன்னது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. காலனிக்கும் கேட்டது.

"சொல்லிட்டாரு," என்றார் தேவேந்திரன். "நாம போலீசு, லாயரு, சாட்சின்னு எவ்ளோ யோசிச்சோம். அவரே வாயால கையெழுத்து போட்டுட்டாரு."

"ஆகண்டி, நில்லுங்க!" நாகபூஷணம் கையை உயர்த்தினார். "அது நல்ல தண்ணி! சுத்தம் பண்ண தண்ணி! பூமிக்குத் திருப்பிக் குடுக்கறோம், அவ்வளவுதான்!"

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு மேடம்," என்றான் சின்னப்பன். குரல் தரையைப் பார்த்து வந்தது. "ஆலையிலேந்து பூமிக்கு அடியில கொழாய்ல வருது, தொட்டி ரொம்புனதும் போருக்குள்ள வுட்டுடு, புண்ணியம்னாரு. நானும் புண்ணியம்னுதான்..."

"கௌசிகாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்கும் புண்ணியம்னு நினைச்சியா?" அகிலா அவனை விடவில்லை. "மாமனுக்காகக் கையை விரிச்சு நின்னியே, அந்தக் கையாலதான் காலையில சுவிட்ச் போட்டியா?"

சின்னப்பன் சாவிக்கொத்தை எடுத்தான். நடந்து போய்க் கதவைத் திறந்தான். பட்டனை அமுக்கினான். மோட்டார் உயிர் பிடித்தது. குனிந்து, போரின் வாயிலிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்தான்.

கறுப்பா, ஊதாவா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். நுரை. அழுகிய முட்டை நாற்றம். குழாய் பாம்பு மாதிரி துள்ளித் திடலில் புரண்டது. முன்வரிசைக் குழந்தைகளைப் பெண்கள் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வெள்ளைக் காரின் சக்கரம், நாகபூஷணத்தின் வேட்டி, அவருடைய கிழிந்த சிரிப்பு, எல்லாவற்றிலும் அந்த நிறம் தெறித்தது.

சின்னப்பன் மோட்டாரை நிறுத்தினான்.

நாகபூஷணம் காரை நோக்கிப் பின்வாங்கினார். கார் நகர முடியவில்லை. அதன் முன்னால் தனபாக்கியம் பையனோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. குடங்களைக் காரைச் சுற்றிக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்தார்கள்.

"வழி வுடுங்க! நான் உங்களுக்குத் தண்ணி குடுத்தவன்!"

"குடுத்தீங்க," என்றாள் அகிலா. அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "மண்ணுக்குக் கீழ விஷத்தைக் குடுத்தீங்க, மண்ணுக்கு மேல லாரியைக் குடுத்தீங்க. இந்தப் பொம்பளைங்க உங்களைக் கும்பிட்டாங்க. ஏழு வயசுப் பொண்ணுக்கு ஊசி குத்தக் கையில இடம் இல்ல. அதுக்கு அவ அப்பனையே குத்தவாளியா நிறுத்தி, நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்க. தண்ணி தாய்னு சொன்னீங்களே, எந்த வாயால சொன்னீங்க?"

தேவேந்திரன் ஏற்கெனவே போலீசுக்குப் போன் போட்டிருந்தார். தெலுங்கில், ஜோக் இல்லாமல், ஊர் பெயர் சொல்லி.

தனபாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சந்திரனைப் பார்த்தாள். கடப்பாரை அவள் பக்கத்தில் கிடந்தது. "அண்ணா..." என்றாள். சந்திரன் அவளைப் பார்க்கவில்லை. அவன் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா டிடெக்டிவு," ஒரு கிழவர் கேட்டார். "அதான் நிறுத்தியாச்சே. இனிமே எங்க கொழா தண்ணி குடிக்கலாமா?"

"கூடாது பெரியவரே. உள்ள போனது கூப்பிட்டா திரும்பி வராது. எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்தப் பூட்டைத் தொடாதீங்க. நல்ல தண்ணிக்கு இந்த ஆள்கிட்ட கையேந்தாதீங்க, கேக்க வேண்டிய இடத்துல உரிமையா கேளுங்க. நானும் வரேன்."

கிழவர் கையிலிருந்த காலிச் சொம்பைப் பார்த்தார். அதில் ஏதோ இருந்த மாதிரி கவிழ்த்துக் கொட்டினார்.

அகிலாவின் போன் அடித்தது. கன்னியம்மாள். அகிலா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், அஞ்சு மணி ஆயிடுச்சே! கொழாய தொறந்துட்டாங்களா?"

"இல்லம்மா. திறக்கல. யாரும் குடிக்கல."

"எங்க வூட்டுக்காரரு?"

"நல்லா இருக்காரு. அவர் மேல தப்பு இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு, "அப்ப யாரு மேடம்? யாரு இத்த பண்ணது?"

கல்யாண வீடுகளில் எத்தனையோ கசப்பான செய்திகளைக் கூசாமல் சொன்னவள் அகிலா. இப்போது சின்னப்பனைப் பார்த்தாள். நாகபூஷணம் என்று மட்டும் சொல்லிவிடலாம். அது பாதிதான்.

சின்னப்பன் கையை நீட்டினான். முழங்கை வரை அந்தக் கறுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"குடு மேடம். எங்க அக்கா. நான்தான் சொல்லணும்."

அகிலா சந்திரனைப் பார்த்தாள். சந்திரன் தலையசைத்தான். அவள் போனைக் கொடுத்தாள்.

"அக்கா."

"சின்னா! நீ அங்கதான் கீறியா?" கன்னியம்மாளின் குரல் லேசானது. "அதான பாத்தேன். நீ கீறன்னா எனக்கு இன்னா பயம்? கௌசிகா இப்பதான் கண்ண தொறந்தா. மாமா எங்கன்னு கேக்கறா. இரு, அவகிட்ட குடுக்கறேன்..."

"குடுக்காத," என்றான் சின்னப்பன். "அவகிட்ட குடுக்காத அக்கா. நீ கொஞ்சம் வெளிய வந்து ஒக்காரு."